பாரதி போட்ட ஒன்றரை லட்சம் ரூபாய் கணக்கு!

ஒரு நிமிஷம் போனைக் கீழே வைங்க. சரி, வேண்டாம், இதையும் அதுலதானே படிக்கணும்!

பாளையம்பட்டியில வீட்டுத் திண்ணையில உட்கார்ந்து, ஒரு வார்த்தைக்கு இத்தனை பைசான்னு பேசி, பெங்களூருல இருக்கிற யாரோ ஒருத்தருக்குக் கட்டுரை எழுதிக் கொடுக்கிற ஆளா நீங்க? இல்லேன்னா, எழுதிப் பிழைக்க முடியுமான்னு வீட்டுல அப்பாகிட்ட பேச்சு வாங்கிக்கிட்டு இருக்கிறவரா? அப்படின்னா உங்களுக்கு ஒரு சீனியர் இருக்கார். ரொம்ப தூரத்து ஆள் இல்ல. அருப்புக்கோட்டையில பஸ் ஏறி, பந்தல்குடி தாண்டி, தூத்துக்குடி ரோட்டுலயே போனா எட்டயபுரம். அங்கே 1882 டிசம்பர் 11-ல் பிறந்தவர். உங்க ஊர் மாதிரியே வானம் பார்த்த கரிசக்காடு, அதே பருத்தி.

ஆமாம், பாரதிதான். மீசை, முண்டாசு, ஸ்கூல் விழா மாறுவேடம் எல்லாம் உங்களுக்குத் தெரியும். இப்போ நாம பார்க்கப்போறது அவரோட வரவு செலவை.

அதுக்கு முன்னாடி உங்க ஊர் பக்கத்துத் தறியை நினைச்சுக்கோங்க. கூலிக்கு நெய்யுறவர்னா பாவும் ஊடையும் முதலாளி கொடுப்பார். நெய்து கொடுத்தா கூலி கைக்கு வரும், சேலை முதலாளிக்குப் போகும். அந்தச் சேலை என்ன விலைக்குப் போச்சுன்னு நெய்தவர் கேட்க முடியாது. சொந்தமா நூல் வாங்கி நெய்யுறவருக்குச் சேலையே சொந்தம். ஆனா விக்கலைன்னா நஷ்டமும் அவருக்குத்தான். எழுத்திலும் இந்த ரெண்டு கணக்குதான். பாரதி ரெண்டையும் செய்து பார்த்தவர்.

அரண்மனைச் சோறு

பாரதியோட அப்பா சின்னச்சாமி ஐயர் எட்டயபுரத்துல பருத்தி அரைக்கும் ஜின்னிங் ஆலை வெச்சார். நம்ம பக்கத்துப் பஞ்சை நம்பிப் போட்ட முதல். அது நஷ்டத்தில் மூழ்கி, கொஞ்ச நாள்ல 1898-ல் அவரும் இறந்துபோனார். பையனுக்கு அப்போ 15 வயசு. கல்யாணம் வேற ஆகியிருந்தது. காசிக்குப் போய் அத்தை வீட்டில் தங்கிப் படித்தார். 1902 வாக்கில் எட்டயபுரம் ஜமீனிலேயே வேலைக்குச் சேர்ந்தார்.

அன்றைக்குத் தமிழ் படித்தவனுக்கு இருந்த ஒரே பெரிய வழி இதுதான். ஒரு ஜமீன்தார் கிடைத்தால் சோறு. நம்ம பக்கத்திலேயே பெரிய உதாரணம் உண்டு. அருப்புக்கோட்டையிலிருந்து விருதுநகர் போற ரோட்டுல பாலவநத்தம் வருமே, அந்த ஜமீனின் பாண்டித்துரைத் தேவர். 1901-ல் மதுரையில் தமிழ்ச் சங்கம் வைத்தவர். உ.வே.சாமிநாதையர் மணிமேகலையை அச்சில் கொண்டுவரப் பொருளுதவி செய்தவர்களில் ஒருவர். வ.உ.சி.யின் கப்பல் கம்பெனிக்குத் தலைவராக இருந்தவரும் இவர்தான். அவர் மாதிரி ஒருத்தர் அமைஞ்சா புலவர் பாடு பரவாயில்லை. அமையலைன்னா? கொடுக்கிறவருக்கு மூடு மாறினால் அன்றைக்கு அடுப்பு எரியாது.

எட்டயபுரத்து அரண்மனையில் பாரதியால் ரெண்டு வருஷம்தான் தாக்குப்பிடிக்க முடிந்தது. 1904-ல் வெளியே வந்துவிட்டார். அதே ஆண்டு மதுரை ‘விவேகபாநு’ பத்திரிகையில் அவருடைய முதல் கவிதை அச்சாகிறது. ஆகஸ்டில் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியர் வேலை. அதுவும் விடுப்பில் போன அரசஞ்சண்முகனாருக்குப் பதிலாகத்தான். சம்பளம் மாதம் பதினேழரை ரூபாய். நவம்பரில் அதுவும் முடிந்தது. மூன்று மாதக் கான்ட்ராக்ட்னு வெச்சுக்கோங்களேன்.

முதல் டெஸ்க் வேலை

அந்த நவம்பரிலேயே சென்னை ‘சுதேசமித்திரன்’ நாளிதழின் ஆசிரியர் ஜி.சுப்பிரமணிய ஐயர் அவரைத் துணையாசிரியராகக் கூட்டிப்போனார். வேலை என்ன தெரியுமா? பெரும்பாலும் மொழிபெயர்ப்பு. ஆங்கிலத்தில் வரும் தந்திச் செய்தி, ஆங்கிலப் பிரசங்கம், எல்லாத்தையும் தமிழாக்கணும். இன்றைக்கு உங்களுக்கு வர்ற முதல் வேலையும் அநேகமா அதுதான் இல்லையா? வேண்டா வெறுப்பா செய்யாதீங்க. பாரதியின் உரைநடை ஏன் அவ்வளவு சுருக்கா, நேரா இருக்குன்னா, தினமும் கெடு நேரத்துக்குள்ள செய்தி எழுதின கை அது.

1905-ல் ‘சக்ரவர்த்தினி’ என்ற பெண்கள் மாத இதழுக்கும் ஆசிரியரானார். ஒரு பக்கம் மாதச் சம்பள வேலை, இன்னொரு பக்கம் சைடு வேலை. 1906-ல் மண்டயம் குடும்பத்தார் ‘இந்தியா’ வாரப் பத்திரிகையைத் தொடங்கியபோது அங்கே போனார். இங்கேதான் அவருடைய எழுத்துக்கு முழுசா இடம் கிடைத்தது. தமிழில் அரசியல் கார்ட்டூனை நிலைநிறுத்தின பத்திரிகை அது.

‘இந்தியா’வின் சந்தா விகிதத்தைக் கேட்டா அசந்துபோவீங்க. அரசாங்கங்களுக்கு வருஷம் 50 ரூபாய். ராஜாக்கள், ஜமீன்தார்களுக்கு 30. மாதம் 200 ரூபாய்க்கு மேல் சம்பாதிக்கிறவர்களுக்கு 15. மற்ற எல்லோருக்கும் 3 ரூபாய்! ஒரே பத்திரிகை, ஆளுக்குத் தகுந்த விலை. ஓடிடி கம்பெனிக்காரங்க இப்போ நாட்டுக்கு நாடு விலை மாத்துறாங்களே, அதை நூறு வருஷம் முன்னாடியே யோசிச்சிருக்காங்க. ஜமீன்தாரிடம் கை நீட்டுவதற்குப் பதிலா ஜமீன்தாரைப் பத்து மடங்கு விலை கொடுக்கும் வாசகராக மாற்றிவிட்டார்கள் பாருங்க, அது எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம்.

1907-ல் இன்னொரு சம்பவம். வி.கிருஷ்ணசாமி ஐயர் சென்னையின் பெரிய வக்கீல்; அரசியலில் மிதவாதி, பாரதிக்கு நேர் எதிர் அணி. அவரே பாரதி பாடக் கேட்டு மயங்கி, மூன்று பாட்டுகளை 15,000 பிரதி அச்சடித்து இலவசமாக விநியோகம் செய்தார். எழுதியவருக்கு ஊரெல்லாம் பேர் கிடைத்தது. பேர் வேற, பணம் வேறங்கிறது உங்களுக்கே தெரியும். ‘உங்க பேர் வரும், நாலு பேர் பார்ப்பாங்க’ என்று சொல்லி ஓசியில் எழுத வாங்குகிற ஆட்களை நீங்களும் சந்தித்திருப்பீங்க. என்ன, கிருஷ்ணசாமி ஐயர் தன் சொந்தக் காசைச் செலவழிச்சார். நமக்கு வர்றவங்க அதுவும் செய்யறதில்ல.

ஒரே வாடிக்கையாளர், ஒரே நாளில் காலி

1908-ல் ‘இந்தியா’ மீது அரசு கை வைத்தது. சட்டப்படி ஆசிரியராகப் பேர் போட்டிருந்த எம்.சீனிவாசன் கைதாகி ஐந்து வருஷ தண்டனை பெற்றார். உண்மையில் எழுதிக்கொண்டிருந்த பாரதி, பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்குப் போய்விட்டார். இதில் தர்மசங்கடமான ஒரு விஷயம் இருக்கு. அதை மூடி மறைக்க வேண்டாம். ஒருவர் பேரில் இன்னொருவர் எழுதினால், அடி பேர் போட்டவருக்குத்தான் விழும்.

புதுச்சேரியிலிருந்து ‘இந்தியா’ மறுபடி வந்தது. கூடவே ‘விஜயா’ என்ற நாளிதழ், இன்னும் சில பத்திரிகைகள். பிரிட்டிஷ் அரசு ஒரு எளிய வேலை செய்தது. அச்சாபீஸ் பிரெஞ்சு மண்ணில் இருக்கு, தொட முடியாது. ஆனால் படிக்கிறவன் பிரிட்டிஷ் மண்ணில் இருக்கான். பத்திரிகை உள்ளே வரத் தடை போட்டாச்சு. 1910-க்குள் எல்லாம் நின்றுபோனது.

நீங்க ஒரே ஒரு சைட்டை நம்பி எழுதிக்கிட்டு இருக்கும்போது, ஒருநாள் காலையில அக்கவுன்ட் முடக்கப்பட்டதுன்னு மெசேஜ் வந்தா எப்படி இருக்கும்? அதுதான். இவருக்கு அது பல வருஷம் நீடித்தது. தபால்கூடப் போலீஸ் கண்காணிப்பில். நண்பர்கள் கொடுத்ததில் குடும்பம் ஓடியது. ஈசுவரன் தர்மராஜா கோயில் தெரு வீட்டின் சொந்தக்காரரை விளக்கெண்ணெய்ச் செட்டியார் என்று பாரதி வட்டாரத்தில் கூப்பிடுவார்கள். வாடகை கேட்க வருவார், பாட்டைக் கேட்டுவிட்டு, வாடகையைக் கேட்காமலே போய்விடுவார் என்று வ.ரா. எழுதியிருக்கிறார். இப்படி ஒரு ஹவுஸ் ஓனர் உங்களுக்கும் எனக்கும் கிடைக்கமாட்டார்.

குருவிக்கு அரிசி இறைத்த கதை இந்தக் காலத்துது. எல்லோருக்கும் தெரிஞ்ச கதை. ஆனா அந்த அரிசி கடன் வாங்கி வைத்த அரிசி. அன்றைக்கு உலை வைக்க வேண்டியவர் செல்லம்மா. பாரதியைக் கொண்டாடுறவங்க அந்தக் காட்சியைக் குருவி பக்கமிருந்தே பார்க்கிறாங்க. அடுப்பங்கரைப் பக்கமிருந்து ஒருதடவை பாருங்க.

ஆனால், எழுத்து மட்டும் நிற்கவில்லை. பாஞ்சாலி சபதம், கண்ணன் பாட்டு, குயில் பாட்டு எல்லாம் வருமானமே இல்லாத அந்தப் புதுச்சேரி வருஷங்களில் எழுதினதுதான். யாரும் ஆர்டர் கொடுக்கலை. பாஞ்சாலி சபதத்தின் முதல் பாகம் 1912-ல் அச்சானது. இரண்டாம் பாகம் அவர் உயிரோடு இருந்தவரை புத்தகமாகவே வரவில்லை. 1915-க்குப் பிறகு சுதேசமித்திரன் மறுபடி அவருக்குப் பக்கம் கொடுத்தது. காளிதாசன், சக்திதாசன்னு வேற வேற பேரில் கட்டுரை, கதை, குறிப்பு என்று எழுதினார். சென்னையில் பரலி சு.நெல்லையப்பர் 1917-ல் கண்ணன் பாட்டு, பாப்பா பாட்டு, முரசு என்று சின்னச் சின்னப் புத்தகங்களாகப் போட்டார். நெல்லையப்பர் பணக்காரர் இல்லை. பாரதியைவிட இளையவர், அவர்மேல் உயிரையே வைத்திருந்தவர், அவ்வளவுதான்.

நாற்பது புத்தகம், நாலு லட்சம் பிரதி

1918 நவம்பரில் புதுச்சேரியை விட்டு வெளியே வந்ததும் கடலூர் அருகே கைதானார். சில வாரத்தில் விடுதலை. ஆனால் நிபந்தனை இருந்தது: திருநெல்வேலி மாவட்டப் பக்கம்தான் இருக்கணும், எழுதுவதைப் போலீஸ் அதிகாரிக்குக் காட்டிய பிறகுதான் வெளியிடணும். செல்லம்மாவின் ஊரான கடையத்தில் தங்கினார். எழுதி விற்கும் வழி மறுபடி அடைபட்டது. 1919-ல் அவர் செய்தது எனக்கு ஆச்சரியமா இருக்காது, ஆனா வலிக்கும். பதினைந்து வருஷம் முன்னாடி விட்டு வந்த அதே எட்டயபுரம் ஜமீனுக்குக் கவிதையாகவே கடிதம் எழுதி ஆதரவு கேட்டார். உதவி வரவில்லை.

கதவு மூடினதும் மனுஷன் வேற மாதிரி யோசிக்கிறார். 1920-ல் தடைகள் நீங்கியபோது ஒரு பெரிய திட்டத்தை அச்சடித்து நண்பர்களுக்கு அனுப்பினார். பேர், தமிழ் வளர்ப்புப் பண்ணை. அதுவரை எழுதிச் சேர்ந்ததை எல்லாம் 40 புத்தகமாகப் பிரிப்பது. ஒவ்வொன்றும் 10,000 பிரதி. முதல் போட 20,000 ரூபாய் வேணும். அதை நன்கொடையாகக் கேட்கவில்லை, கடனாகக் கேட்டார். ஆளுக்குக் குறைஞ்சது நூறு ரூபாய், நோட்டு எழுதிக் கொடுப்பார், மாதம் ரெண்டு வட்டி. ஒரு வருஷம், மிஞ்சிப்போனா ரெண்டு வருஷத்தில் ஒன்றரை லட்சம் லாபம் வரும்னு கணக்கு. மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போல வீட்டுக்கு வீடு தமிழ்ப் புத்தகம் விற்கும்னு நம்பினார்.

இந்தக் கணக்கை நாம கொஞ்சம் தட்டிப் பார்ப்போம். போன்லயே கால்குலேட்டர் இருக்கே. 40 புத்தகம், பத்தாயிரம் பிரதின்னா நாலு லட்சம் பிரதி. ஒன்றரை லட்சம் லாபத்தை அதுக்குப் பங்கு போட்டா, பிரதிக்குச் சரியா ஆறு அணா. பேராசைன்னு சொல்ல முடியாது. ஆனா 20,000 ரூபாய்க்கு ரெண்டு வட்டின்னா மாசம் 400 ரூபாய், வருஷம் 4,800. முதல் புத்தகம் விற்கிறதுக்கு முன்னாடியே மீட்டர் ஓட ஆரம்பிச்சிடும். ரெண்டு வட்டி என்னன்னு அருப்புக்கோட்டை பஜார்ல கடை வெச்சிருக்கிற யாரையும் கேளுங்க, ராத்திரி தூக்கம் வராதுன்னு சொல்வாங்க. நாற்பதையும் ஒரே மூச்சில் போடாமல் நாலு புத்தகத்தில் தொடங்கியிருந்தால்? முதலில் விற்றதை வைத்து அடுத்ததைப் போட்டிருந்தால்? சொல்வது நமக்குச் சுலபம். பணம் திரளவில்லை, திட்டம் அப்படியே நின்றது.

1920 கடைசியில் மறுபடியும் சுதேசமித்திரன் வேலைக்கே திரும்பினார். மாதச் சம்பளம். தறிக்காரர் சொந்த நூல் வாங்க முடியாமல் மறுபடி கூலித் தறிக்கு வந்த மாதிரி. ஒரு வருஷம்கூட ஆகலை. 1921 செப்டம்பர் 12 அதிகாலையில் திருவல்லிக்கேணி வீட்டில் காலமானார். வயசு 38.

சேலை யார் கைக்குப் போச்சு?

கதை இங்கே முடியலை. பணக்கதை இங்கேதான் ஆரம்பிக்குது.

செல்லம்மாவுக்கு அப்போ முப்பதை ஒட்டின வயசு. ரெண்டு மகள்கள், தங்கம்மாளும் சகுந்தலாவும். தன் அண்ணன் துணையோடு ‘பாரதி ஆச்ரமம்’ என்று வைத்து 1922-ல் சுதேச கீதங்களை இரண்டு பாகமாக அவரே வெளியிட்டார். கணவன் எழுதியதை விற்றுக் குடும்பம் நடத்த நினைத்த ஒரு பதிப்பாளர் அவர். அதை ஏனோ நாம் அதிகம் பேசுவதில்லை. கையில் முதல் இல்லை, கடன் ஏறியது. பாரதியின் தம்பி சி.விசுவநாதனும் இன்னும் சிலரும் சேர்ந்து நடத்திய பாரதி பிரசுராலயத்துக்கு உரிமை கொஞ்சம் கொஞ்சமாகக் கைமாறி, 1931-ல் முழுசாகப் போனது. பிரசுராலயம் ஒழுங்காகத்தான் புத்தகம் போட்டது, அதையும் சொல்லணும். பாட்டுகளை இசைத்தட்டில் பதியும் உரிமை தனியாகப் பிரிந்து ஒரு வணிக நிறுவனத்துக்குப் போய், 1940-களில் ஏவி.எம். கைக்கு வந்தது. 1947-ல் அவர்கள் எடுத்த ‘நாம் இருவர்’ படத்தில் டி.கே.பட்டம்மாள் பாடிய பாரதி பாட்டுகள் நாடு முழுக்க ஒலித்தன. பாரதி கண்ட கனவு, வீட்டுக்கு வீடு விற்பது, நடந்தேவிட்டது. ரேடியோவில், ரெக்கார்டில், சினிமாவில். காசு மட்டும் வேற கல்லாவுக்குப் போனது.

1948-ல் டி.கே.எஸ். சகோதரர்கள் ‘பில்ஹணன்’ படத்தில் பாரதி பாட்டைச் சேர்க்க, உரிமைத் தகராறு வெடித்தது. பாரதியை விடுதலை செய் என்று ஓர் இயக்கமே கிளம்பியது. 1949-ல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் அரசு உரிமையை வாங்கியது. ஏவி.எம். தன் பங்கைக் காசு வாங்காமல் கொடுத்தது. விசுவநாதனுக்கு 15,000 ரூபாய். செல்லம்மாவுக்கு 5,000. மகள்கள் இருவருக்கும் ஆளுக்கு ஐந்தாயிரம். ஒரு எழுத்தாளனின் உரிமையை அரசு விலைக்கு வாங்கி மக்களுக்குப் பொதுவாக்குவது நம் நாட்டில் அதற்கு முன் நடந்ததில்லை என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

இப்போ உங்க போனுக்கு வருவோம். உங்களுக்கு வேலை கொடுக்கிறவர் அனுப்பும் ஒப்பந்த பிடிஎஃப்பைக் கடைசிப் பக்கம் வரை ஸ்க்ரோல் பண்ணிப் பார்த்திருக்கீங்களா? 1957-ம் ஆண்டு காப்புரிமைச் சட்டப்படி, சம்பளத்துக்கு வேலை பார்க்காமல் தனியாக எழுதித் தருகிற கட்டுரைக்கு முதல் உரிமையாளர் எழுதியவர்தான். உரிமையை இன்னொருவருக்குக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். எத்தனை வருஷத்துக்குன்னு குறிப்பிடலைன்னா ஐந்து வருஷம்னு சட்டமே எடுத்துக்கொள்ளும். எந்த ஊர், எந்த நாடுன்னு இல்லைன்னா இந்தியாவுக்குள் மட்டும்தான். எழுதியவர் இறந்து 60 வருஷம் வரை அந்த உரிமை உயிரோடு இருக்கும். எல்லா உரிமையும், எல்லாக் காலத்துக்கும், எல்லா நாட்டுக்கும் என்று ஒரு வரி அந்த பிடிஎஃப்பில் இருந்தால், அவர் கேட்பது கூலி வேலை இல்லை, சேலையே. கொடுக்கலாம், தப்பில்லை. ஆனா சேலை விலையைக் கேளுங்க. சிவகாசி காலண்டருக்கு நாலு வரி எழுதினாலும், பேர் சொல்லாமல் வேறொருத்தருக்காகப் புத்தகமே எழுதினாலும், மதுரையில் ஒரு கடை விளம்பரத்துக்கு எழுதினாலும் இதே கேள்விதான்.

1955-ல் பாரதியின் எழுத்தை யார் வேண்டுமானாலும் அச்சிடலாம் என்ற நிலை முறைப்படி வந்தது. அதே 1955-ல்தான் செல்லம்மா காலமானார். அன்றையிலிருந்து பாரதி புத்தகம் பத்து ரூபாய்க்கும் உண்டு, ஆயிரம் ரூபாய்க்கும் உண்டு. அடுத்த தடவை அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுல மலிவு விலைப் புத்தகம் விற்கிற ஆள் கடை விரிச்சிருந்தா, குனிஞ்சு பாருங்க. மேல ஜோசியம், கீழ சமையல் குறிப்பு, நடுவுல முண்டாசோட இருப்பார்.